கத்தரிக்கோலுக்கு அஞ்சும் குழந்தைகள்

தலைமயிர் வளர்வதும், அதனைக் காலந்தோறும் குறைத்துக்கொள்வதும் வாழ்வின் மிக எளிய செய்திகள் என்றே நாம் கருதுகின்றோம். மாதம் ஒருமுறை முடிதிருத்தகத்துக்குச் செல்கின்றோம், நாற்காலியில் அமர்கின்றோம், நாளிதழைப் புரட்டுகின்றோம், அரைமணி நேரத்தில் எழுந்து வருகின்றோம். இதனைப் பற்றித் தனியே எடுத்துரைக்க என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கக்கூடும்.

ஆயினும், நம்மிடையே வாழும் சில குடும்பங்களுக்கு இந்த அரைமணி நேரம் மாதந்தோறும் வந்து நிற்கும் ஒரு பெருஞ்சோதனையாக இருக்கின்றது. குழந்தை அலறுகிறது, தந்தை அதன் கைகளைப் பற்றுகிறார், தாய் தலையை அழுத்திப் பிடிக்கிறார், முடிதிருத்துநர் கை நடுங்கக் கத்தரிக்கிறார், காத்திருப்போர், “இவ்வளவு பிடிவாதமா?” என்று முகஞ்சுளிக்கின்றனர். முடி குறைந்துவிடுகிறது; ஆனால் குழந்தையின் அச்சமோ முன்னிலும் கூடிவிடுகிறது. அடுத்த முறை கடையின் தெருமுனையைக் கண்டதுமே அழத் தொடங்கிவிடுகிறது. இவ்வாறு அஞ்சும் குழந்தைகளுள் பலர் ஆட்டிசம் என்னும் நிலையுடையோர். இந்த அச்சம் எதனால் உண்டாகிறது, அதனை எவ்வாறு தணிக்கலாம், தாய்நாட்டுப் பகுதியைவிட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்ப் பெற்றோர் இதில் எவற்றைக் கருத வேண்டும் என்பனவற்றை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

ஆட்டிசம் என்னும் நிலை

தமிழில் இதனை மதியிறுக்கம் என்று சிலரும், தன்முனைப்புக் குறைபாடு என்று சிலரும் வழங்குவர். மக்கள் வழக்கில் ஆட்டிசம் என்ற சொல்லே நிலைத்துவிட்டமையால் நாமும் அதனையே கைக்கொள்வோம். 1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் என்பார், பதினொரு குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி இந்நிலையை விரிவாக விளக்கி எழுதினார். பிறரோடு கலந்து பழகுவதில் வேற்றுமை, பேச்சில் வேற்றுமை, எல்லாம் நேற்றிருந்தபடியே இன்றும் இருத்தல் வேண்டும் என்னும் வேட்கை ஆகியவற்றை அவர் குறித்தார். உரத்த ஒலியும் இயங்கும் பொருள்களும் அக்குழந்தைகளைப் பேரச்சத்துக்கு உள்ளாக்கின என்பதையும் அவர் அன்றே பதிவு செய்தார் என்பது நமது பொருளுக்கு மிகவும் இன்றியமையாத செய்தி.

ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றைப் பிறரினும் மிகுதியாகவோ குறைவாகவோ உணரும் தன்மை, 2013ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில், ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே சேர்க்கப்பட்டது. பெற்றோரின் வளர்ப்புக் குறையால் இது வருவதன்று. செல்லம் கொடுத்ததால் வருவதுமன்று. குழந்தை பிறக்கும்போதே உடன்கொண்டு வரும் ஓர் இயல்பு இது. எனவே, முடிதிருத்தும் நாற்காலியில் அக்குழந்தை அழும்போது, அது நம்மை எதிர்த்து அழுவதன்று. தன்னால் தாங்கவொண்ணாத ஒன்றை நமக்குத் தெரிவிக்கவே அழுகிறது. இந்த ஒரு செய்தியைப் பெற்றோரும் உற்றாரும் உளங்கொண்டுவிட்டால் பாதிவழி கடந்தவராவர்.

நாற்காலியில் குழந்தை உணர்வன

“முடிக்கு உணர்ச்சி ஏது? வலிக்காதே!” என்று நாம் கூறுகின்றோம். முடியின் தண்டுக்கு உணர்ச்சி இல்லை என்பது மெய்யே. ஆனால், தோலினுள் முடியின் வேரைச் சுற்றி நுண்ணிய நரம்பு முனைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு முடி இலேசாக அசைந்தாலும் அச்செய்தி மூளைக்குச் செல்கிறது. நமக்கு அது ஒரு பொருட்டன்று. தொடுகையை மிகையாக உணரும் குழந்தைக்கோ, சீப்பின் ஒவ்வோர் இழுப்பும் ஒரு சிறு துன்பமாகவே அமையும்.

அடுத்து, ஒலி. கத்தரிக்கோலின் ஓசை காதுக்கு வெகு அண்மையில் எழுகிறது. மின்சார மெஷினோ ஒலியோடு அதிர்வையும் தருகிறது. அதனைக் காதின் பின்புற எலும்பருகே வைக்கும்போது, அவ்வதிர்வு எலும்பின் வழியாகவே உட்செவிக்குச் செல்வதால், காதைப் பொத்திக்கொண்டாலும் ஓசை நிற்பதில்லை. இவற்றோடு கடையில் அலறும் தொலைக்காட்சி, சுழலும் மின்விசிறி, எதிரும் புதிருமாக அமைந்த கண்ணாடிகளில் பன்மடங்காகத் தோன்றும் உருவங்கள், தைலம், முகப்பவுடர் முதலியவற்றின் மணம், கழுத்தை இறுக்கும் போர்வைத் துணி, எதிர்பாராது முகத்தில் தெறிக்கும் தண்ணீர், கழுத்துக்குள் விழுந்து உறுத்தும் முடித்துணுக்கு ஆகிய அனைத்தும் ஒருங்கே வந்து சேர்கின்றன. இவற்றுள் எது எப்போது வரும், எப்போது முடியும் என்பதும் குழந்தைக்குத் தெரிவதில்லை. இத்தனையையும் தாங்கிக்கொண்டு அசையாது அமர்ந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கின்றோம்!

எல்லாக் குழந்தைகளுக்கும் இவை யாவும் ஒருபடித்தாக இரா. ஒரு குழந்தைக்கு மெஷினின் ஓசை ஒன்றே தடை. கத்தரிக்கோலை அது பொருட்படுத்தாது. வேறொரு குழந்தை மெஷினின் சீரான அதிர்வை விரும்பும். கத்தரிக்கோலின் விட்டுவிட்டு வரும் ஓசையையே வெறுக்கும். மற்றொன்றுக்குத் துன்பமெல்லாம் கழுத்தில் விழும் துணுக்கினால்தான். ஆதலின், பெற்றோர் முதற்கண் செய்யற்பாலது கூர்ந்து நோக்குதலே. எந்தக் கணத்தில் அழுகை தொடங்கிற்று? துணி போர்த்தும்போதா, தண்ணீர் தெளிக்கும்போதா, மெஷின் காதருகே வந்தபோதா? ஒரு சிறு ஏட்டில் குறித்து வைத்தால் இரண்டு மூன்று முறைகளில் காரணம் புலப்பட்டுவிடும். இதுவரை அமைதியாக இருந்த குழந்தை திடீரெனத் தலையைத் தொடவிடாது மறுக்குமாயின், காதுவலி, தலையில் புண், பேன் முதலியவை உண்டா என்று மருத்துவரிடம் காட்டிக்கொள்வதும் நன்று. வலியைச் சொல்லால் தெரிவிக்க இயலாத குழந்தை அதனை மறுப்பாலேயே தெரிவிக்கும்.

சொல்லும் ஒரு தடையாதல்

பிற மாநிலங்களில் வாழும் நமக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. அது மொழி பற்றியது. ஆட்டிசமுடைய குழந்தைகளுள் பலர் சொற்களை அவற்றின் நேர்ப்பொருளிலேயே கொள்வர். வீட்டில் நாம் “காய் வெட்டு”, “கையை வெட்டிக்கொண்டான்” என்றெல்லாம் பேசுகின்றோம். அதே வாயால், “வா, முடி வெட்டலாம்” என்று அழைக்கின்றோம். வெட்டினால் இரத்தம் வரும் என்று அறிந்த குழந்தை அஞ்சுவதில் வியப்பென்ன? “முடி குறைத்தல்”, “முடி திருத்துதல்” என்ற சொற்களை வீட்டில் பழக்கத்துக்குக் கொண்டுவருதல் நலம்.

இனி, தில்லியிலோ கான்பூரிலோ முடிதிருத்துநர், “பால் காட்னா ஹை?” என்று வினவுகிறார். ஹிந்தியில் “பால்” என்பது மயிர். நம் குழந்தைக்கோ அது பருகும் பால். பால் தருவார்கள் என்று எண்ணிய குழந்தையின் தலைமேல் கத்தரிக்கோல் வருகிறது! மேலும், “காட்னா” என்ற அச்சொல் கடித்தலையும் குறிக்கும். பள்ளியில் ஹிந்தி பயிலும் குழந்தை, நாய் கடித்ததற்கும் அச்சொல்லே வழங்கக் கேட்டிருக்கும். எனவே, கடையில் வழங்கும் ஐந்தாறு சொற்களை முன்னரே வீட்டில் சொல்லிக்காட்டி, அவற்றின் பொருளைச் செயலால் விளக்கி வைத்தல் வேண்டும்.

முடிதிருத்துநரிடமும் நம் தேவையை அவர் மொழியிலேயே தெளிவுறக் கூறுதல் வேண்டும். “பாயீ ஸாஹப், மஷீன் நஹீன், ஸிர்ஃப் கைஞ்சீ” என்றால் மெஷின் வேண்டா, கத்தரிக்கோல் மட்டும் போதும் என்பது பொருள். “பஹ்லே திகாயியே, ஃபிர் லகாயியே” என்றால், முதலில் காட்டுங்கள், பின்னர்த் தலையில் வையுங்கள் என்பது பொருள். “தோடா ருக் ஜாயியே” என்றால், சற்று நிறுத்துங்கள் என்பதாம். மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழ்வோர் அந்தந்த மொழியில் இம்மூன்று தொடர்களையும் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு உகந்தது எது, ஆகாதது எது என்பதனை நான்கு வரிகளில் அவ்வூர் மொழியில் எழுதிய ஒரு தாளைக் கையில் வைத்திருத்தல் இன்னும் சிறந்தது. பணிமாற்றத்தால் ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில், பழகிய முடிதிருத்துநரை இழப்பது குழந்தைக்குப் பெரிய இழப்பு. அத்தாளும், பழைய கடையில் குழந்தை அமைதியாக அமர்ந்திருந்த காட்சியைக் கைப்பேசியில் எடுத்துவைத்த சிறு படமும் புதிய ஊரில் பெரிதும் துணைசெய்யும்.

முயலும் சிறுவனும்

அச்சத்தைப் படிப்படியாகத் தணிக்கலாம் என்பதற்கு உளநூல் வரலாற்றில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1924ஆம் ஆண்டில், அமெரிக்க உளநூலறிஞர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், பீட்டர் என்ற பெயரால் குறிக்கப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் முயலைக் கண்டாலே நடுங்குவான். பஞ்சும் மென்மயிர்த் துணியும்கூட அவனை அச்சுறுத்தின. அவன் தனக்கு விருப்பமான உணவை உண்ணும் வேளையில், கூண்டிலடைத்த முயலைச் சற்றுத் தொலைவில் வைத்தனர். அவன் அமைதி குலையாத அளவுக்கே அதனை நாளடைவில் நெருக்கிக்கொண்டு வந்தனர். முயலுக்கு அஞ்சாத பிற குழந்தைகள் அதனோடு விளையாடுவதையும் அவன் கண்டான். இறுதியில் முயலைத் தன் கையாலேயே தடவிக்கொடுக்கும் நிலையை அவன் எய்தினான். இடையில் அவன் நோயுற்று மருத்துவமனையில் இருந்ததும், திரும்பும் வழியில் ஒரு பெரிய நாயைக் கண்டு வெருண்டதும், பழைய அச்சம் மீண்டதும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியதும் அவ்வரலாற்றிலேயே உள்ளன.

பீட்டர் ஆட்டிசமுடைய சிறுவன் அல்லன். எனினும், அவன் வரலாறு காட்டும் நெறி நமக்கும் பயன்படும். அச்சந்தரும் பொருளைச் சிறிது சிறிதாக அணுகச் செய்தல், இனிய ஒன்றோடு அதனைச் சேர்த்தல், குழந்தை தாங்கும் அளவைத் தாண்டாதிருத்தல், பின்னடைவு நேரின் மனந்தளராது முந்திய படிக்குத் திரும்புதல் ஆகிய நான்குமே அந்நெறியாம். ஆயினும், வேண்டுமென்றே துன்புறுத்தும் ஒலியையோ தொடுகையையோ பழக்கத்தால் மட்டும் முழுவதும் போக்கிவிட முடியாது. குழந்தையைச் சூழலுக்குப் பழக்குவதோடு, சூழலையும் குழந்தைக்கு ஏற்ப மாற்றியமைத்தல் வேண்டும்.

வீட்டிற் செய்யற்பாலன

முதலில், நடக்கவிருப்பதைக் குழந்தைக்கு அறிவித்தல் வேண்டும். கேரல் கிரே என்னும் அமெரிக்க ஆசிரியை, 1990களின் தொடக்கத்தில், ஆட்டிசமுடைய குழந்தைகளுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சிறுசிறு வாக்கியங்களில் கதைபோல் எழுதிக்காட்டும் முறையை வகுத்தார். நாமும் அவ்வாறு செய்யலாம். நாம் செல்லவிருக்கும் அதே கடை, அதே நாற்காலி, அதே முடிதிருத்துநர் ஆகியோரின் படங்களை, அவரது இசைவுபெற்று எடுத்து, வரிசையாக ஒட்டி, “கடைக்குப் போவோம், நாற்காலியில் உட்காருவோம், துண்டு போர்த்துவோம், அண்ணா முடியைக் குறைப்பார், துடைப்பார், வீட்டுக்கு வந்து குளிப்போம்” என்று எழுதலாம். ஒரு வாரம் நாள்தோறும் இதனைப் படித்துக்காட்டினால் போதும். “வலிக்கவே வலிக்காது” என்று அதில் எழுதுதல் ஆகாது. “கொஞ்சம் கூசும், பிறகு போய்விடும்” என்பதே உண்மை. உண்மையைக் கூறினால்தான் அடுத்த முறையும் குழந்தை நம்மை நம்பும்.

பின்னர், பயிற்சி. முதல் சில நாள்கள் வீட்டுத் துண்டைத் தோளில் போர்த்தி, கண்ணாடிமுன் அமர்ந்து, உடனே எழுந்துவிடுதல். அடுத்து, சீப்பால் மட்டும் வாருதல். அடுத்து, சற்றுத் தொலைவில் காகிதத்தைக் கத்தரிக்கோலால் கத்தரித்து அந்த ஓசையைக் கேட்பித்தல். அடுத்து, தந்தையோ அண்ணனோ தன் முடியில் ஒரு துணுக்கைக் கத்தரித்துக் காட்டுதல். அதன் பின்னரே குழந்தையின் முடியில், முனை மழுங்கிய கத்தரிக்கோலால், ஒரே ஒரு கத்தரிப்பு. “கண்ணா, மூன்று முறை மட்டும். ஒன்று, இரண்டு, மூன்று, முடிந்தது!” என்று எண்ணி, மூன்றோடு நிறுத்திவிடல் வேண்டும். குழந்தை அமைதியாகத்தானே இருக்கிறது என்று நான்காவதைத் தொடர்தல் தவறு. எண்ணிக்கை தவறாது என்ற நம்பிக்கையே குழந்தையின் பற்றுக்கோடு. மெஷின் வேண்டுமாயின், அணைத்த நிலையில் அதனைக் குழந்தையின் கையில் கொடுத்தும், பின்னர் அடுத்த அறையில் ஓடவிட்டும், பின்னர்க் குழந்தையே அதன் விசையை அழுத்தி நிறுத்துமாறு செய்தும், உள்ளங்கை, தோள், பிடரி என்ற முறையில் அணுகலாம்.

இங்கு நம் வீட்டு வழக்கம் ஒன்றும் நமக்குத் துணைவரும். மெல்லிய தொடுகையைத் தாங்காத குழந்தைகளுள் பலர் அழுத்தமான தொடுகையால் அமைதி பெறுவர். ஆட்டிசமுடையவரும் கால்நடையியல் அறிஞருமான டெம்பிள் கிராண்டின் என்னும் அமெரிக்க அம்மையார், தம் பதினெட்டாம் வயதில், உடலை இருபுறமும் அழுத்தி அணைக்கும் ஓர் அமைப்பைத் தமக்கென உருவாக்கிக்கொண்டதும் இக்காரணம் பற்றியே. நமது வாராந்தர எண்ணெய்க் குளியலில் தலையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கின்றோமல்லவா? குழந்தை அதனை விரும்புமாயின், முடிதிருத்தத்துக்கு முன்னும் எண்ணெயின்றியே தலையையும் தோளையும் அவ்வாறு அழுத்தித் தேய்த்துவிடலாம். குழந்தை கையைத் தட்டிவிடுமாயின் வற்புறுத்த வேண்டா.

பெண் குழந்தைகளைப் பெற்றோர், முடியை நீளவிட்டால் இத்தொல்லை இல்லை என்று எண்ணலாம். நாள்தோறும் சிக்கெடுத்துப் பின்னுவதே அவர்களுக்கு மாதாந்தர முடிதிருத்தத்தினும் பெருந்துன்பமாகக்கூடும். அடிமுனையிலிருந்து சிக்கெடுத்து மேலே செல்லுதலும், வேர்ப்பக்கத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு வாருதலும் இழுப்பைக் குறைக்கும்.

கடையிற் செய்யற்பாலன

பெரிய கடையினும் சிறிய கடையே ஏற்றது. வடநாட்டு நகரங்களில் மரத்தடியில் ஒரு கண்ணாடியும் நாற்காலியும் வைத்துத் தொழில் புரிவோர் பலர். சில குழந்தைகளுக்கு அத்திறந்தவெளி, மூடிய கடையைவிட உகந்ததாய் அமையும். வீட்டுக்கே வந்து செய்துதருவோரும் உளர். ஞாயிறு காலை கூட்டம் மிகும் வேளை, அதனைத் தவிர்க்க. வேலைநாளின் நண்பகல் ஏற்றது. வடநாட்டில் செவ்வாயன்று முடி குறைத்துக்கொள்ளாதோர் மிகுதி. அன்று திறந்திருக்கும் கடையில் கூட்டமிராது. ஆனால், நம் வீட்டுப் பெரியவர்களும் செவ்வாய் ஆகாது என்பார்களாயின், அவர்களோடு வாதிடுவதைவிடப் புதன் நண்பகலைத் தேர்ந்துகொள்வது எளிது!

முதல் இரண்டு மூன்று முறை முடி குறைக்காமலேயே கடைக்குச் சென்று வருதல் நன்று. ஒரு முறை வாசல்வரை. மறுமுறை நாற்காலியில் அமர்ந்து எழுதல். முடிதிருத்துநரின் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடல் வேண்டும். அவருக்கு அது தொழில். நம் குழந்தையின் இயல்பை மரியாதையோடு எடுத்துரைத்தால், பொறுமையோடு ஒத்துழைப்போர் அத்தொழிலில் பலருண்டு. தொலைக்காட்சியை அணைக்கவும், தண்ணீர் தெளிப்பதைத் தவிர்க்கவும், ஒவ்வொரு செயலையும் முன்னரே காட்டவும் அவரைக் கேட்டுக்கொள்ளலாம். கடைத் துணிக்கு மாற்றாக நம் வீட்டுத் துண்டு. மாற்றுச் சட்டை ஒன்று. கழுத்தைத் துடைக்க மென்தூரிகை. ஒலியைத் தாங்காத குழந்தைக்குக் காதுமூடி. கையில் வைத்துக்கொள்ள விருப்பமான ஒரு பொருள். இவற்றை ஒரு பையில் எடுத்துச் செல்க. காதுப்புறம் திருத்தும்போது மட்டும் காதுமூடியைச் சற்று நகர்த்தினால் போதும்.

‘நிறுத்து’ என்பதற்கு ஓர் அடையாளத்தையும் முன்னரே வகுத்துக்கொள்க. குழந்தை கையை உயர்த்தினால் கத்தரிக்கோல் உடனே விலக வேண்டும். நிறுத்தும் உரிமை தன்னிடம் உண்டு என்று அறிந்த குழந்தை, அவ்வுரிமையை மிகுதியாகப் பயன்படுத்துவதில்லை என்பதைப் பெற்றோர் விரைவிற் காண்பர். ஒரு நாளில் ஒரு பக்கம் மட்டுமே முடியுமாயின் அவ்வளவோடு திரும்பிவிடலாம். தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டரே வளர்கிறது. இரண்டு நாள் ஒருபுறம் நீண்டும் ஒருபுறம் குறைந்தும் இருந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது.

செய்யத்தகாதன

பூங்காவுக்குப் போகிறோம் என்று பொய்கூறிக் கடைக்கு அழைத்துச் செல்லுதல் தகாது. அதன்பின் பூங்கா என்ற சொல்லையும் குழந்தை நம்பாது. “காதை அறுத்துவிடுவார்”, “பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்” என்று அச்சுறுத்துதல் தகாது. உறங்கும் குழந்தைக்கு முடி குறைத்தலும் சிலர் கையாளும் வழி. திடுக்கிட்டு விழித்தால் கத்தரிக்கோல் காயப்படுத்தக்கூடும். காயம் படாவிடினும், கண் மூடினால் என்ன நேருமோ என்று குழந்தை உறக்கத்துக்கே அஞ்சத் தொடங்கலாம்.

எல்லாவற்றினும் தலையாயது, பலர் கூடிக் கைகால்களைப் பிடித்துக்கொண்டு முடி குறைத்தலைக் கைவிடுதல். ஐந்து வயதில் பிடித்துவிடலாம். பதினைந்து வயதில் இயலுமா? அன்று முகச்சவரமும் அல்லவா சேர்ந்துகொள்ளும்? மேலும், தன் உடலைத் தன் விருப்பத்துக்கு மாறாகப் பிறர் பற்றினால் மறுக்கலாகாது என்ற பாடத்தை நாமே அதற்குக் கற்பித்தவராவோம். பேச இயலாத ஒரு குழந்தைக்கு இதைவிடத் தீங்கான பாடம் வேறில்லை.

முடிகாணிக்கை

நம் குடும்பங்களில் முடி என்பது அழகுக்கு மட்டும் உரியதன்று, வேண்டுதலுக்கும் உரியது. ஊருக்கு விடுமுறையில் செல்லும்போது குலதெய்வக் கோயிலிலோ பழனியிலோ திருப்பதியிலோ முடியிறக்க வேண்டும் என்று பெரியவர்கள் விரும்புவர். நெடுந்தொலைவு இரயிற்பயணம், உறவினர் கூட்டம், ஈரத்தலை, சவரக்கத்தி, சுற்றிலும் அழும் பிற குழந்தைகள் என்று அங்கு எல்லாம் ஒருங்கு சேர்ந்துவிடுகின்றன.

ஆனால், நம் மரபே இதற்கு ஒரு வழி வகுத்துவைத்திருக்கிறது. முழுமொட்டைக்கு மாற்றாகச் சிறிது முடியை மட்டும் கத்தரித்துச் செலுத்தும் பூமுடி என்னும் வழக்கம் நம் கோயில்களில் உண்டு. திருமலையிலும் மூன்று கத்தரிப்பு முடியை மட்டும் காணிக்கையாகத் தரும் வழக்கம், குறிப்பாகப் பெண்களிடையே, நிலவுகிறது. வீட்டில் நாம் பயிற்றிய அதே ஒன்று, இரண்டு, மூன்று! “மாப்பிள்ளை, குழந்தைக்கு ஐந்து வயதாயிற்றே, இன்னும் முடியிறக்கவில்லையே” என்று மாமியார் வருந்துவாராயின், “அத்தை, இந்த முறை பூமுடி கொடுத்துவிட்டு வருவோம், அவன் தானாக உட்காரும் நாளில் முழுமுடியும் இறக்குவோம்” என்று அமைதியாகக் கூறலாம். தெய்வத்துக்குச் செலுத்துவது குழந்தையின் கண்ணீராக இருக்க வேண்டுவதில்லை.

பள்ளியும் சட்டமும்

முடி நீண்டிருப்பதாகப் பள்ளியிலிருந்து குறிப்பு வருதலும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை வெளிப்படையாகச் சேர்த்துள்ளது. அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள், ஒவ்வொரு மாணவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான இசைவேற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. தலைமையாசிரியருக்கு ஒரு பணிவான கடிதத்தில் இதனை எடுத்துக்காட்டி, மருத்துவச் சான்றையும் இணைத்து, கால அவகாசம் கேட்கலாம். வீட்டுப் பயிற்சி போதாவிடில், புலனுணர்வு பற்றிய பயிற்சியளிக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் துணையை நாடலாம். பெருநகரங்களின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இத்துறையினர் உள்ளனர்.

தொகுத்துக் கூறுமிடத்து, காரணத்தைக் கண்டறிதல், நடக்கவிருப்பதை உண்மையாக அறிவித்தல், சிறுபடிகளாகப் பழக்குதல், சொன்ன எண்ணிக்கையில் நிறுத்துதல் என்னும் இவையே வழியாம். இவற்றுக்கு ஆறு மாதமும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். சில குழந்தைகள் இறுதிவரை நீண்ட முடியோடு வீட்டு முற்றத்தில்தான் அமர்வர், அதனாலும் குறையொன்றுமில்லை. முடி எவ்வாறாயினும் மீண்டும் வளர்ந்துவிடும். தன்னைப் பற்றும் கை தன்னைக் காக்கும் கை என்று குழந்தை கொள்ளும் நம்பிக்கையோ அவ்வளவு எளிதில் மீண்டும் வளர்வதன்று. அந்த நம்பிக்கையைக் காத்துக்கொண்டு, முடியைப் பின்னர்த் திருத்திக்கொள்வோமாக.